ஓணான்பொட்டல் ஆஸ்பத்திரி

ஓணான்பொட்டலில் பிரசவ ஆஸ்பத்திரி திறந்துவைக்கப்பட்ட அன்று அங்கே ஆஸ்பத்திரி இல்லை. அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பந்தல் இருந்தது. வாழைமரம் இருந்தது. மேடை, மைக்செட், நாயனம், கலர் சோடா எல்லாம் இருந்தன. இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே கட்டிய ரிப்பனைப் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் சோலையப்பன் கத்தரித்தார். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் எப்படிப் பொட்டலாக இருந்ததோ அப்படியே அந்தப் பக்கமும் இருந்தது.

பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கல் நட்டிருந்தது. 'மேலூரணி பஞ்சாயத்து யூனியன் பிரசவ ஆஸ்பத்திரி. சேர்மன் உயர்திரு சோலையப்பன் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. 1961' என்று அதில் கொத்தியிருந்தது. எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. கொத்தியவன் அடைக்கலம். கூட்டத்தின் கடைசியில் வெயிலில் நின்றுகொண்டு, தன் எழுத்தைத் தானே பார்க்கக் கூசி, மைக்செட்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடைக்கலம் குடுமியான்மலைப் பக்கத்துக் கல்லாசாரி. மாதச் சம்பளம் கிடையாது. அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, கோயில் உபயக்கல் என்று யார் வந்து கேட்டாலும் கொத்திக் கொடுப்பான். யார் வந்தாலும் என்று சொல்வதும் சரியில்லை. வந்தவனை உட்கார வைத்து, எதற்கு, எங்கே நடப்போகிறாய், யாருடைய இடம் என்று நாலு கேள்வி கேட்பது அவன் வழக்கம். பக்கத்து வயல்காரனுக்குத் தெரியாமல் வரப்பில் புதைக்கப் பழைய கல் மாதிரி ஒரு எல்லைக்கல் வேண்டும் என்று வந்தவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். அடுத்தவர் கொடுத்த கோயில் மணிக்குத் தன் தகப்பனார் பேரில் உபயக்கல் கேட்ட மிராசுதாரிடம், "எனக்கு விரல்ல சுளுக்குங்க" என்று சொல்லிவிட்டான். அந்தச் சுளுக்கு இரண்டு வருஷமாக இருந்தது.

"வாரவங்களை எல்லாம் போலீசு மாதிரி விசாரிச்சா எப்படி அடுப்பெரியும்?" என்று அவன் மனைவி செவந்தி கேட்பாள். ஆனாலும் சுளுக்குப் பற்றி யாராவது விசாரித்தால், "இன்னும் வீக்கம் வத்தலைங்க" என்று அவளே பதில் சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவனைத்தான் யூனியன் ஆபீஸ் ஜீப் அனுப்பிக் கூப்பிட்டது.

பி.டி.ஓ. ராமசுப்பிரமணியன் மெல்லிய குரலில் பேசுகிறவர். கோபமே வராது. கோபம் வரவேண்டிய இடங்களில் அவருக்கு விதிமுறைதான் வரும். பக்கத்தில் ஓவர்சியர் ரெங்கசாமி நின்றிருந்தார். யூனியன் எல்லைக்குள் அவர் மேற்பார்வையில் முழுசாகக் கட்டி முடிந்த கட்டடம் ஒன்று உண்டு. அது அவருடைய வீடு.

கொத்தவேண்டிய வாசகத்தை பி.டி.ஓ. படித்துக் காட்டியதும் அடைக்கலம் தன் கேள்விகளை ஆரம்பித்தான்.

"கட்டடம் எங்கிட்டு இருக்குங்க?"

"பிளானில் இருக்கிறது."

"கட்டி முடிச்சாச்சுங்களா?"

"நிதி முடிந்துவிட்டது. நிதி முடிந்தால் கட்டடம் முடிந்ததாகத்தான் அர்த்தம்."

"இல்லைங்க... திறந்துவைக்கப்பட்டதுன்னு கொத்தச் சொல்றீங்க. கதவு வேணும்லங்க, திறக்கிறதுக்கு?"

ஓவர்சியர் சிரித்தார். பி.டி.ஓ. சிரிக்கவில்லை. "அடைக்கலம், நீ தொழில் தெரிந்தவன். உனக்குச் சொன்னால் புரியும். வெறும் கட்டடம் நின்றால் அதை எங்கள் இலாகாவால் பார்க்க முடியாது. யார் கட்டியது, யார் திறந்தது, எந்தத் தலைப்பில் செலவு என்று அதற்கு அடையாளம் இருக்காது. கல் இருந்தால்தான் அது எங்கள் கண்ணில் படும். அதனால் கல்லை முதலில் வைக்கிறோம். மார்ச்சு முப்பத்தொன்றுக்குள் கல் நிற்காவிட்டால், ஆஸ்பத்திரி என்ற எண்ணமே காலாவதியாகிவிடும். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி வரக்கூடாது என்று நினைக்கிறாயா?"

"ஐயய்யோ, அப்படிச் சொல்லுவேனுங்களா?"

"அப்புறம் இன்னொன்று. நீ கல் எடுக்கிற பாறை புறம்போக்கு. அதன் குத்தகை இந்த மாதம் புதுப்பிக்க நம் ஆபீசுக்குத்தான் வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஞாபகம் வந்தது, சொன்னேன்."

அடைக்கலத்துக்கு அன்றைக்கு விரல் சுளுக்கவில்லை. பாறையில்லாத கல்லாசாரி என்ன செய்வான்? வீட்டுக்கு வந்து செவந்தியிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதைப் படிச்சுட்டு யாராச்சும் வந்து நின்னா?"

"யாருக்குடி படிக்கத் தெரியும் அங்கிட்டு? ஓணான்தான் படிக்கணும்" என்றான். சொன்னபிறகு அது சமாதானமாக இல்லை. இருந்தாலும் உளியை எடுத்துவிட்டான்.

விழா நன்றாகத்தான் நடந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் குழந்தை என்று ஒன்றை மேடையில் காட்ட ஓவர்சியர் ஏற்பாடு செய்திருந்தார். சின்னக் குழந்தையாகப் பார்த்துக் கொண்டுவரச் சொன்னதற்குப் பியூன் தன் தங்கை பிள்ளையைக் கொண்டுவந்தான். அதற்கு எட்டு மாதம். சேர்மன் கன்னத்தைக் கிள்ளியபோது அது அவர் விரலைப் பிடித்துக் கடித்தது. பல் நன்றாகப் பதிந்தது.

"பார்த்தீர்களா!" என்று சேர்மன் மைக்கில் முழங்கினார். "நம் யூனியன் ஆஸ்பத்திரியில் பிறக்கிற குழந்தைகள் பிறக்கும்போதே பல்லோடு பிறக்கின்றன! வெள்ளைக்காரன் காலத்தில் இது உண்டா? ராஜா காலத்தில்தான் உண்டா?"

கூட்டம் கை தட்டியது. பிள்ளையின் தாய் மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பந்தலைப் பிரித்து எடுத்துப் போனார்கள். கல் மட்டும் நின்றது. அடைக்கலத்தின் குத்தகையில் கையெழுத்து விழுந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் காலையில் மொட்டைத் தலையோடு ஒரு ஆள் அவன் கொட்டகைக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். கள்ளிவயலில் விவசாயம் பார்க்கிற சம்சாரி, பேர் ராக்கன் என்று சொன்னான். சுமைதாங்கி ஒன்று வேண்டுமாம்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்குப் பாதையோரம் நடுகிற கல் அது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டுவிட்டால், தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை அதில் இறக்கி வைக்கலாம். இறக்க முடியாமல் போன அவள் பாரம் அப்போது கொஞ்சம் குறையும் என்று நம்பிக்கை.

அடைக்கலம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "சம்சாரமா?"

"ஆமாங்க. அழகின்னு பேரு. தலைப்பிள்ளை."

"எங்க நடணும்?"

"ஓணான்பொட்டல்லங்க."

அடைக்கலத்தின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

ராக்கன் நிதானமாகத்தான் சொன்னான். வலி எடுத்ததும் மருத்துவச்சி பார்த்துவிட்டுப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, டவுனுக்குக் கொண்டு போ என்றாள். டவுன் வடக்கே, பதினாலு மைல். வண்டி கட்டும்போது ஊர் வாத்தியார் ஓடிவந்து, தெற்கே நாலு மைலில் புது ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது, கல்லில் எழுதியிருப்பதை நானே படித்தேன் என்றார். தெற்கே போனார்கள். கல் இருந்தது. கட்டடம் உள்ளே தள்ளி இருக்கும் என்று நினைத்து முள்ளுக்குள் வண்டியை விட்டார்கள். இங்கிட்டும் அங்கிட்டும் தேடினார்கள். சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

"மாட்டை அவுத்து, வண்டியைத் தூக்கி, திரும்பி அந்தக் கல்லுக்கிட்ட வரயிலதாங்க... கல்லுல சாஞ்சு உக்காந்தா. அதோட சரி."

செவந்தி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை. அது அவனுக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

"குறுக்குக்கல்லுல எழுத்து வேணும் ஆசாரியாரே" என்றான் ராக்கன். "எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சவங்கதான ஏமாந்து வாராங்க. அழகி நினைவுன்னு மேல போடுங்க. கீழ, இங்கே ஆஸ்பத்திரி இல்லைன்னு போட்டுருங்க."

அடைக்கலம் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. யூனியனுக்குத் தெரிந்தால் பாறை போகும் என்று தெரியும். பதினைந்தே நாளில் கொத்தி முடித்தான். கூலி பற்றிப் பேச்செடுத்த ராக்கனைச் செவந்தி சாப்பிட உட்கார வைத்துவிட்டாள். கிளம்புமுன் ராக்கன் குறுக்குக்கல்லில் தன் மனைவியின் பேர் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அடைக்கலம் அவன் விரலைப் பிடித்து மூன்று எழுத்தின் மேலும் ஓட்டிக் காட்டினான். நடுவிலிருந்த ழகரத்தின் சுழியில் அவன் விரல் வெகுநேரம் நின்றது.

திறப்புவிழாக் கல்லுக்குப் பத்தடி தள்ளிச் சுமைதாங்கி நின்றது. ஒரு கல் ஆஸ்பத்திரி திறந்தாகிவிட்டது என்றது. இன்னொரு கல் ஆஸ்பத்திரி இல்லை என்றது. விறகுக்காரிகள் இரண்டாவது கல்லில் சுமையை இறக்கி வைத்துவிட்டு முதல் கல்லைப் பார்த்துத் துப்பினார்கள்.

விஷயம் யூனியனுக்குப் போயிற்று. அவசரக் கூட்டம் போட்டார்கள். அடைக்கலத்தையும் வரவழைத்து வாசற்பக்கம் நிற்க வைத்தார்கள்.

சேர்மன் சோலையப்பன் கொதித்துப் போயிருந்தார். "இவன் கொத்தியிருப்பது பொய்யா? பொய் என்றால் எனக்குக் கவலையில்லை. மறுப்பு அறிக்கை விட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். இவன் கொத்தியிருப்பது உண்மை! உண்மையை நான் எப்படி மறுப்பது? இருபது வருஷப் பொதுவாழ்வில் எனக்கு இப்படி ஒரு நெருக்கடி வந்ததில்லை!"

அங்கத்தினர்கள் வெட்கம் வெட்கம் என்றார்கள்.

பி.டி.ஓ. எழுந்தார். "சட்ட நிலையை மட்டும் சொல்கிறேன். இருக்கிறது, இல்லை என்ற இரண்டு சொற்களும் அரசாங்கத்தைச் சேர்ந்தவை. ஒரு ஊரில் பள்ளிக்கூடம் உண்டா, பாலம் உண்டா, பஞ்சம் உண்டா என்பதை நாம்தான் அறிவிக்க வேண்டும். தனி ஆட்கள் கண்ணால் பார்த்ததை வைத்துத் தன்னிச்சையாக அறிவிக்கத் தொடங்கினால் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு?"

"ராக்கன்கிட்டக் கேளுங்க, அந்தப் பொண்ணு..." என்று அடைக்கலம் ஆரம்பித்தான்.

"இறந்துபோன பெண்ணைப் பற்றி யாருக்கும் குறை இல்லை" என்றார் பி.டி.ஓ. பரிவோடு. "அவர் முறைப்படிதான் இறந்திருக்கிறார்."

கல்லைப் பிடுங்கி எறிவது என்று தீர்மானம் எழுதப் போனபோது தபால் வந்தது. புது ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட மதராசிலிருந்து ஒரு குழு வருகிறது. ஓணான்பொட்டலும் பட்டியலில் இருக்கிறது. சேர்மன் முகம் வெளுத்தது. ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது?

அப்போதுதான் ஓவர்சியர் ரெங்கசாமி தொண்டையைக் கனைத்தார். "சுமைதாங்கியைப் பிடுங்க வேண்டாமுங்க. ரெண்டு செங்குத்துத் தாங்கல். மேலே ஒரு உத்தரம். எங்க புஸ்தகப்படி அது கட்டடம். கொஞ்சம் சின்னக் கட்டடம். அவ்வளவுதான். குழு ஜீப்பை விட்டு இறங்காது. ரோட்டிலிருந்து பார்த்தா எழுத்துத்தான் தெரியும். அதில் ஒரே ஒரு வார்த்தைதானே இடைஞ்சல்?"

எல்லோரும் அடைக்கலத்தைப் பார்த்தார்கள்.

"இல்லையை எடுத்துவிடு" என்றார் சேர்மன்.

"அது என் கல் இல்லைங்க. ராக்கன் கல்லு. கேட்டவன் அவன். அவன் சொல்லாம உளி வைக்க மாட்டேன்" என்றான் அடைக்கலம். இதைச் சொல்ல முடிந்ததே என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சேர்மனுக்குத் தொழில் தெரியும். ராக்கனுக்கு ஜீப் அனுப்பினார். நாற்காலி போட்டார். காப்பி கொடுத்தார். ராக்கன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"தம்பி ராக்கா, எந்த ராஜாவாவது தன் பெண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி கட்டினானா? நான் உன் பெண்டாட்டிக்குக் கட்டுகிறேன். அழகி நினைவு ஆஸ்பத்திரி! அழகி நினைவு என்று ஏற்கெனவே கல்லில் இருக்கிறது. கீழே, இங்கே ஆஸ்பத்திரி. இல்லை என்ற சொல்லை எடுத்துவிட்டால் தீர்ந்தது."

ராக்கன் ஒன்றுதான் கேட்டான். "டாக்டர் வருவாருங்களா?"

"பேர் இருந்தால்தானே டாக்டர் வருவார்? இல்லை என்று எழுதிய இடத்துக்கு எந்த டாக்டர் வருவான்? நீ அந்த வார்த்தையைப் போட்டு வைத்திருப்பதால்தான் இதுவரை வரவில்லை."

ராக்கன் டம்ளரைக் கீழே வைத்தான். "நாந்தான் வர விடாம வச்சிருக்கனாங்க?"

"ஒன்றும் கெட்டுப் போகவில்லை. எடுத்துவிடலாம்."

ராக்கன் வெளியே வந்து அடைக்கலத்தின் முன்னால் நின்றான். "டாக்டர் வருவாருன்னா அழிச்சிருங்க ஆசாரியாரே. இன்னொருத்தி சாகாம இருந்தாச் சரி."

"நம்பாதே ராக்கா" என்று அடைக்கலத்துக்கு வாய்வரை வந்தது. ஆனால் பி.டி.ஓ. பக்கத்திலேயே நின்று, குத்தகைக் காகிதக் கட்டை வராந்தா மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அடைக்கலம் வாயை மூடிக்கொண்டான். ராக்கனே சொன்னபிறகு தனக்கென்ன என்று நினைத்துப் பார்த்தான். நினைப்பு ஒட்டவில்லை.

கல்லில் எழுதுவதைவிட அழிப்பது கஷ்டம். அந்த மூன்று எழுத்தை எடுக்க ஒரு பகல் ஆயிற்று. ராக்கன் பக்கத்திலேயே குந்தியிருந்து பறக்கிற தூளைத் துண்டால் தட்டி விட்டுக்கொண்டிருந்தான். சொல் போன இடத்தில் சேர்மனுடைய பேரைக் கொத்தச் சொன்னார்கள். அதையும் கொத்தினான்.

குழு வந்தது. ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கைகாட்டிவிட்டுப் போயிற்று. மேலூரணி யூனியனுக்குச் சிக்கன நிர்மாணத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. டாக்டர் வரவில்லை.

மாசி மாதம் ஒரு பிற்பகல். கொத்திய அம்மி ஒன்றைக் கொடுத்துவிட்டு அடைக்கலம் அந்த வழியாகத் திரும்பினான். ஓணான்பொட்டலில் ஒரு கூண்டு வண்டி நின்றது. உள்ளே ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள். சட்டை போட்ட ஒருவன் சுமைதாங்கியின் எழுத்தை வாய்விட்டுப் படித்தான்.

"அழகி நினைவு. இங்கே ஆஸ்பத்திரி. இதான், இதான்! உள்ள தள்ளி இருக்கும். ஓட்டுங்க!"

வண்டி முள்ளுக்குள் திரும்பியது. அடைக்கலம் ஓடிப்போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இல்லைய்யா! ஆஸ்பத்திரி இல்லை! டவுனுக்கு ஓட்டுங்க!"

சட்டை போட்டவன் அவனை நம்பவில்லை. "கல்லுல போட்டிருக்கு, நீ யாருய்யா இல்லைங்கிறதுக்கு?"

"கொத்தினவனே நாந்தான்யா!" என்று அடைக்கலம் கத்தினான்.

அவன் முகத்தைப் பார்த்து வண்டிக்காரன்தான் மாட்டைத் திருப்பினான். சட்டை போட்டவன் வண்டியின் பின்னால் ஓடிக்கொண்டே அடைக்கலத்தைத் திட்டினான். அந்தப் பெண் பிழைத்தாளா என்பது அடைக்கலத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வண்டி மறைந்ததும் பையிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்தான். முதலில் திறப்புவிழாக் கல்லை உடைத்தான். பிறகு சுமைதாங்கியின் குறுக்குக்கல்லைக் கீழே தள்ளி, அழகியின் பேர் இருந்த துண்டை மட்டும் தனியே எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு, மற்றதை நொறுக்கினான். இருட்டுமுன் போலீஸ் வந்துவிட்டது. அந்தப் பொட்டலுக்கு அரசாங்கத்திலிருந்து அத்தனை சீக்கிரமாக வந்தது அதுதான் முதல் தடவை.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றை முழுமையாக இடித்துத் தரைமட்டமாக்கியதாக அவன்மேல் வழக்கு.

"ஆஸ்பத்திரியே இல்லைங்க எசமான்" என்றான் அடைக்கலம் கூண்டில் நின்று.

"நீ இடித்தபிறகு எப்படி இருக்கும்?" என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

மாஜிஸ்திரேட் குறுக்கிட்டார். நியாயமான மனிதர். வெயிலில் காத்திருந்த சாட்சிகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவர். "திறந்துவைக்கப்பட்டது என்று கல்லில் கொத்தியது நீதானே?"

"நாந்தானுங்க."

"அன்றைக்கு நீ பொய் கொத்தினாயா, இன்றைக்குப் பொய் சொல்கிறாயா?"

அடைக்கலத்துக்குப் பதில் தெரியும். "அன்னைக்குத்தானுங்க" என்றான்.

"பொய் எழுதிப் பழகியவன் என்று ஒப்புக்கொள்கிறாய். அப்படிப்பட்டவன் பேச்சை வைத்து ஒரு யூனியனின் கணக்கை நான் சந்தேகிப்பதா?"

ஓவர்சியர், தாங்கல் இரண்டு, உத்தரம் ஒன்று, எல்லாம் முதல்தரக் கருங்கல் என்று சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு ராக்கனைக் கூப்பிட்டார்கள். அவன் அடைக்கலத்துக்கு உதவத்தான் வந்திருந்தான். பிழையில்லாமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன்.

"உன் மனைவியைப் பிரசவத்துக்கு எங்கே கொண்டு போனாய்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"ஓணான்பொட்டல் ஆஸ்பத்திரிக்குங்க. ஆனா அங்க..."

"கேட்டதற்கு மட்டும் பதில். எங்கே இறந்தாள்?"

"அங்கதானுங்க."

"பார்த்துக்கொள்ளுங்கள், யுவர் ஆனர். ஒரு பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். அங்கேயே இறந்திருக்கிறாள். அது ஆஸ்பத்திரி இல்லையென்றால் வேறு எது ஆஸ்பத்திரி?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ராக்கன் யார் முகத்தையும் விடாமல் மாறி மாறிப் பார்த்தான். தான் எந்த வார்த்தையில் தப்புச் செய்தோம் என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூண்டிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அடைக்கலத்துக்கு ஒன்றரை வருஷம் கடுங்காவல். பாறைக் குத்தகை ரத்து. யூனியன் ஆண்டுக்கூட்டத்தில் சேர்மன் கண்ணீர் விட்டார். "பெற்ற பிள்ளையைப்போல நாம் கட்டிக் காத்த ஆஸ்பத்திரியை ஒரு கொடியவன் இடித்துவிட்டான். இனி யாராவது ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியதில்லை. அவன் பேரைச் சொல்லலாம்" என்றார். மறுபடி கட்டுவதற்கு, முதலில் ஒதுக்கியதைப்போல இரண்டு மடங்கு ஒதுக்கினார்கள்.

ஜெயிலில் அடைக்கலத்தைக் கண்டால் மற்றக் கைதிகளுக்கு ஆகவில்லை. கொலை செய்தவன்கூடப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றான். "எந் தங்கச்சி பிரசவத்துல செத்தாடா, பாவி. ஆஸ்பத்திரியையாடா இடிப்பே?" என்று ஒருவன் அவன் கஞ்சித்தட்டில் மண்ணை அள்ளிப் போட்டான். அடைக்கலம் சொல்லிப் பார்த்தான். பிறகு சொல்வதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் ஜெயிலர் அவனைக் கூப்பிட்டு ஒரு பலகைக்கல்லைக் காட்டினார். ஏதோ யூனியனுக்கு அடிக்கல் வேண்டுமாம், கைதிகளில் கொத்தத் தெரிந்தவன் நீதானாமே என்றார். வாசகத்தைக் கொடுத்தார். 'அழகி நினைவு ஆஸ்பத்திரி. மறுநிர்மாண அடிக்கல்.' அடைக்கலம் படித்தான். எதற்கு, எங்கே நடப்போகிறீர்கள், யாருடைய இடம் என்று இங்கே கேட்க முடியாது. விரலில் சுளுக்கு என்று சொல்லவும் முடியாது. சொன்னால் ஜெயில் டாக்டர் வருவார். அங்கே டாக்டர் உண்மையாகவே இருந்தார். உட்கார்ந்து கொத்தினான். வெளியே இருந்தபோது வந்தவனுக்கெல்லாம் கொத்தலாமா வேண்டாமா என்று எத்தனையோ நாள் மனசைப் போட்டு உழப்பியிருக்கிறான். அந்தத் தொல்லையைச் சர்க்கார் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டது.

ஒன்றிரண்டு மாதம் கழித்து அவனைப் பார்க்க ராக்கன் வந்தான். பார்க்கிற இடத்தில் இரண்டு வரிசைக் கம்பி, நடுவில் ஆள் போகிற சந்து. இந்தப் பக்கம் இருபது கைதி, அந்தப் பக்கம் நாற்பது உறவுக்காரர்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ராக்கனுக்கு மொட்டைத் தலையில் முடி வளர்ந்திருந்தது. கம்பியில் வாயை வைத்துக் கத்தினான்.

"செவந்தி அக்கா சொகமா இருக்காங்க! எங்க ஊர்லதான் களை எடுக்க வாராங்க!"

அடைக்கலம் தலையை ஆட்டினான்.

"புதுக் கல்லு நட்டுட்டாங்க ஆசாரியாரே! அழகி பேரைத் தடவிப் பார்த்தேன். ஒங்க ழகரந்தான்னு தெரிஞ்சுபோச்சு! அதான் ஓடியாந்தேன்!"

அடைக்கலம் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அவங்க சொன்னா நான் நம்ப மாட்டேன்! நீங்க கொத்தின கல்லு, நீங்க சொல்லுங்க! எந் தங்கச்சிக்கு இது மாசம்! தலைப்பிள்ளை! சுண்ணாம்புல கோடு போட்டு ஆளு நிக்குது, முடிஞ்சிரும்ங்கிறாங்க! வலி வந்தா டவுனுக்கு ஓட்டவா, ஓணான்பொட்டலுக்கு ஓட்டவா?"

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. வார்டர் பின்னால் வந்து அடைக்கலத்தின் தோளைப் பிடித்தார். அடைக்கலம் கம்பியை விடாமல் தன் தொண்டைக்கு எட்டின மட்டும் கத்தினான்.

"அங்க போகாதே தம்பி! அங்க போகாதே! அங்க போ..."

வார்டர் கை வாயை மூடிவிட்டது. இழுத்துக்கொண்டு போகும்போது அடைக்கலம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். இரைச்சலில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் ராக்கனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் முகம் தெளிந்திருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க அவசரமாக வெளியே நடந்தான்.